எந்தத் தண்ணியில் சோதிச்சீங்க?



குப்பைக் கிடங்கு எங்கே வந்தாலும் அதிகாரிகள் பாடுவது ஒரே பாட்டு: "அடியில் களிமண் போட்டு இறுக்கிடுவோம், ஒரு சொட்டு இறங்காது." களிமண் தண்ணியை நிறுத்தும். ஏரிக்கரை போட்ட நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஏரியில் நிற்பது மழைத்தண்ணி. கிடங்கில் ஊறுவது புளிச்ச தண்ணி!

90 செ.மீ. இறுகிய களி, அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்று 2000, 2016-ம் வருஷ விதிகள் சொல்லின. களியில் நீர் இறங்கும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது வருஷத்துக்கு சுமார் 3 செ.மீ. சரி, ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதை வழக்கமாக நல்ல தண்ணி விட்டுத்தானே அளக்கிறார்கள்?

புதுக் குப்பை அழுகும்போது அமிலம் ஊறும். அது மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். களி உப்பிப் பிடிக்கிற குணத்தையும் கெடுக்கும். உப்பிய களி சுருங்கினால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் வெடித்த வயலைப் பாருங்கள். வேகம் பத்து மடங்கு கூடினால் 90 செ.மீ. களி மூணு வருஷம்கூடத் தாங்காது.

இன்னொன்று கவனியுங்கள். ஆரம்பத்தில் அந்தச் சுண்ணாம்பே அமிலத்தை முறித்துவிடும். சோதனை பாஸ்! சுண்ணாம்பு தீர்ந்த பிறகுதான் சாயம் வெளுக்கும். அதற்குள் அதிகாரி மாறிப்போவார், கிணறு நம்மோடு இருக்கும்.

மாமல்லபுரம் கடலோரம் முழுக்க மணல். களியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது விதி. கோடையில் அளந்தால் கிடைக்கும். ஐப்பசி மழையில் கிடைக்குமா?

பாலாற்றங்கரை பட்டது போதாதா? தோல் தொழிற்சாலைக் கழிவால் வேலூர் பக்கம் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை 1996-ல் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. அதே பாலாறுதான் செங்கல்பட்டு வழியாக வந்து வயலூரில் கடல் சேர்கிறது. கெட்ட நிலத்தைத் திருப்பித் தர எந்த நஷ்டஈட்டாலும் முடியாது.

நாம் கேட்பது:

* நல்ல தண்ணியில் வேண்டாம். கிடங்கில் ஊறும் அதே கசிவுநீரை விட்டுச் சோதி! உள்ளே விட்ட நீரின் புளிப்பும் வெளியே வரும் நீரின் புளிப்பும் ஒன்றாகும் வரை, மாசக்கணக்கானாலும் சோதி!
* மண் மாதிரியை ஊரார் முன்னிலையில் எடு!
* நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அள!
* முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

வருகிற கிராமசபையில் ஆண்களும் பெண்களும் திரண்டு வாருங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐயா, எந்தத் தண்ணியில் சோதிச்சீங்க?" பதில் எழுத்தில் வரும் வரை எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்!