அம்மாவைக் குறைசொல்லும் முன் தேதியைப் பாருங்கள்

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் வீட்டு மடிக்கணினி ஏறக்குறைய நின்றேவிட்டது. அம்மா ஒவ்வோர் ஆண்டும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்தவர்களுக்கும் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்து விற்பார். யாருக்கு எத்தனை போத்தல், யார் பணம் கொடுத்துவிட்டார் என்ற கணக்கெல்லாம் அந்தக் கணினியில் ஓர் எக்செல் பட்டியலில் இருக்கிறது. சமூக மன்ற வகுப்புக்குப் போய் அம்மா அதைக் கற்றுக்கொண்டார். இப்போது அந்தப் பட்டியலைத் திறக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது. இணைய உலாவியைத் திறந்தால் யாரும் கேட்காத ஒரு தேடல் பக்கம் வந்தது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 1,300 பிழைகள்’ என்று சிவப்புப் பெட்டி ஒன்று எழுவதும் மறைவதுமாக இருந்தது.

பல்கலைக்கழக விடுதியிலிருந்து வார இறுதிக்கு வீடு திரும்பிய நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அம்மா, எதை அழுத்துனீங்க?”

“நான் எதையும் தொடலம்மா,” என்றார் அம்மா. நான் நம்பவில்லை.

நம்மில் பலர் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். கணினி மெதுவானாலும் விளம்பரம் குதித்தாலும் பழி பெற்றோர் மீதோ தாத்தா பாட்டி மீதோதான் விழும். ஆங்கிலம் நன்றாகப் படிப்பவர்கள் நாம், தொழில்நுட்பத்தோடு வளர்ந்தவர்கள் நாம் என்ற எண்ணம் நமக்கு. அந்த எண்ணம் என் வீட்டில் நூறு வெள்ளியை விழுங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணினித்துறை மாணவி அல்லள். கணினியைச் சுத்தம் செய்வது எப்படி என்று தேடிப் படித்தபோது, முதல் வேலையாக ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். விண்டோஸ் அமைப்புகளில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போனால் கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியல் வரும். அதை நிறுவப்பட்ட தேதிப்படி வரிசைப்படுத்த வேண்டும். வேண்டாதவை பெரும்பாலும் கூட்டமாக ஒரே நாளில் வந்திருக்கும்.

அப்படியே இருந்தன. கணினியின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒன்று, தள்ளுபடிச் சீட்டுகள் தேடித் தருவதாகச் சொல்லும் ஒன்று, பெயரே புரியாத இன்னும் இரண்டு. நான்குக்கும் ஒரே தேதி, 2022 ஆகஸ்ட் 18. அதே தேதியில் ஐந்தாவதாக ஒரு மென்பொருளும் இருந்தது. பிடிஎஃப் கோப்புகளை இணைக்கும் இலவச மென்பொருள் அது. அதன் பெயரைப் பார்த்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது.

நான் அப்போது தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. வீட்டில் ஒரே கணினிதான். எங்கள் குழுவில் நான்கு பேர் தனித்தனியாக எழுதிய திட்டப்பணிப் பகுதிகளை ஒரே கோப்பாக்கி நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். தேடலில் முதலில் வந்த தளத்திலிருந்து எதையோ பதிவிறக்கம் செய்தேன். விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டியதாகக்கூட நினைவு. அதையும் ‘ரன் எனிவே’ என்று தாண்டினேன். பிறகு ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஐ அக்ரீ’. கோப்பு போய்ச் சேர்ந்தது. அந்த நான்கும் வீட்டில் தங்கிவிட்டன.

இத்தகைய மென்பொருள்களை ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘பியூபி’ என்கிறார்கள். ‘வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பெயரே எவ்வளவு தயங்கிப் பேசுகிறது பாருங்கள்! வைரஸ் என்று நேராகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. வைரஸ் நம்மைக் கேட்காமல் நுழைகிறது. இவை நம்மைக் கேட்டுவிட்டே நுழைகின்றன. இலவச மென்பொருளை நிறுவும்போது இரண்டாவது, மூன்றாவது திரையில் சிறிய எழுத்தில் ‘இதையும் சேர்த்து நிறுவச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் முன்கூட்டியே சரி போடப்பட்டிருக்கும். அவசரத்தில் இருப்பவர் அதை எடுக்க மாட்டார் என்பதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. கூடவே ஒன்றை நிறுவவைத்தால், இலவச மென்பொருளைக் கொடுப்பவருக்குக் காசு கிடைக்கிறது.

தேதியைப் பார்த்த பிறகு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். 2023ஆம் ஆண்டு நவம்பரில் அந்தச் சிவப்புப் பெட்டி வந்தபோது, கணினி கெட்டுப்போனது தன்னால்தான் என்று நினைத்து, வங்கி அட்டையால் 49 வெள்ளி 90 காசு கட்டியிருக்கிறார். மறு ஆண்டு அதே தொகை தானாகவே மீண்டும் கழிக்கப்பட்டது. எட்டு போத்தல் முறுக்கு விற்ற பணத்துக்கும் மேல். 1,300 பிழைகளும் சரியாகிவிட்டன என்று பச்சை எழுத்தில் வந்ததாம். சில வாரங்களில் மறுபடியும் சிவப்பு.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ திட்டுவேன்னுதான்.”

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. மென்பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் நான்தான். அதைப் பற்றி வாய்திறக்க முடியாதபடி அம்மாவை ஆக்கியதும் நான்தான். அந்த நிறுவனத்துக்கு எழுதி, மூன்றாவது முறை பணம் போகாமல் நிறுத்தினோம். கொடுத்த பணம் திரும்பவில்லை. அம்மாவே அட்டை எண்ணைக் கொடுத்து, அம்மாவே சம்மதித்துவிட்டாரே!

அசட்டையாக இருப்பவர்கள் மட்டும்தான் இதில் சிக்குவார்களா? அப்படியும் சொல்ல முடியவில்லை. 2011 டிசம்பரில், பலரும் நம்பிப் பயன்படுத்திய டவுன்லோட்.காம் தளம் ‘என்மேப்’ என்ற இலவச மென்பொருளோடு வேறொரு கருவிப்பட்டையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. என்மேப்பை உருவாக்கிய கோர்டன் லயனே அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஜாவாவை நிறுவும்போது ‘ஆஸ்க்’ கருவிப்பட்டை ஒட்டிக்கொண்டு வந்ததும் பல ஆண்டுகள் நடந்தது. 2014ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. பாதுகாப்பான இணைய இணைப்புகளிலும் அது குறுக்கிடுகிறது என்று 2015 பிப்ரவரியில் தெரியவந்தது. 2017ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் அந்த நிறுவனம் உடன்பாட்டுக்கு வர வேண்டியதாயிற்று. அந்தக் கணினியை வாங்கியவரிடம் போய் “எதை அழுத்துனீங்க?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பெட்டியைப் பிரிக்கும் முன்பே அது உள்ளே இருந்ததே!

இனி, சுத்தம் செய்வது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேதிப்படி வரிசைப்படுத்திய பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் உடனே நீக்க வேண்டாம். அது கணினிக்குத் தேவையானதாகவும் இருக்கலாம். பெயரை இணையத்தில் தேடிப் பார்த்து, வேண்டாததென்று உறுதியானதும் நீக்குங்கள். அடுத்து உலாவி. அதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: நீட்சிகள், முகப்புப் பக்கமும் தேடுபொறியும், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்கள். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மூலையில் குதிப்பவற்றில் பல, எப்போதோ ‘அலவ்’ தட்டிய ஏதோ ஒரு தளத்தின் அறிவிப்புகளே. அனுமதியை எடுத்தால் நின்றுவிடும்.

அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ‘அட்வ்கிளீனர்’ போன்ற இலவசக் கருவியை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துப் பயன்படுத்தலாம். ‘இலவச கிளீனர்’ என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டினால் ஒன்றை நீக்கப் போய் இன்னொன்றை அழைத்து வருவீர்கள். கடைசியாக, விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே இயங்கும்படி செய்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகிறவரை எந்த வசதியும் தடுக்காது. அதற்கு நானே சாட்சி.

இதைக் கேட்ட என் தோழி ஒருத்தி, “உங்கம்மாவுக்கு எதையும் நிறுவ முடியாத தனிக் கணக்கு ஒண்ணு போட்டுக் கொடுத்துடு,” என்றாள். நல்ல யோசனைதான். பல வீடுகளில் அது உதவும். ஆனால் எங்கள் வீட்டில் யோசித்துப் பாருங்கள். அம்மாவின் கையைக் கட்டிவிட்டு கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்திருப்பார்கள்? என்னிடம்தான். 2022 ஆகஸ்ட் 18 இரவு அந்தக் கடவுச்சொல்லைத் தட்டி அந்த நான்கையும் உள்ளே விட்டிருப்பவளும் நான்தான்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்கிற இளையர், அதைத் தனியாக அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ச் செய்யக் கூடாது. வீட்டில் அதைப் பயன்படுத்துகிறவரை பக்கத்தில் உட்காரவைத்துச் செய்ய வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், உண்மைதான். நாங்கள் ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் உட்கார்ந்தோம். அம்மா தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். சாம்பல் நிறத்தில் சிறிதாக இருக்கும் ஆங்கில வரிகள்தான் அவரைத் தடுக்கின்றன. ஒவ்வொரு திரையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னேன். ‘டிக்ளைன்’ என்றால் வேண்டாம் என்பது, ‘ஸ்கிப்’ என்றால் தாண்டிப் போ என்பது, ‘ஆட்டோ ரினியூ’ என்றால் கேட்காமலே மறுபடி பணம் எடுப்பார்கள் என்பது. இருபது சொற்கள்கூட இருக்காது. இத்தனை ஆண்டுகளில் அதை நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

மூத்தோருக்குக் கைப்பேசியும் இணையமும் சொல்லித்தர 2020ல் எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகம் தொடங்கப்பட்டது. நல்ல பணி. ஆனால் இரவு பத்து மணிக்கு ஒரு சிவப்புப் பெட்டி எழும்போது அவர்கள் முதலில் அழைக்க நினைப்பது நம்மைத்தான். நாம் திட்டுவோம் என்ற பயம் இருந்தால் அழைக்க மாட்டார்கள். பெட்டியில் உள்ளதைத் தாங்களே நம்பிவிடுவார்கள். இன்று அது ஐம்பது வெள்ளி. நாளை அதே பெட்டியில் ஒரு தொலைபேசி எண் இருந்து, மறுமுனையில் ஒரு மோசடிக்காரர் இருந்தால்? சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம் என்று இப்போது அம்மாவின் சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேலே என் எண்ணும் இருக்கிறது.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியலைத் தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்தத் தேதியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

போன மாதம் புது அச்சுப்பொறிக்கான மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒப்படைப்பு. வழக்கம்போல் ‘நெக்ஸ்ட்’ தட்டப் போனபோது பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரும்மா. அந்தக் கட்டத்துல சரி போட்டிருக்கே, அது என்னது?”

படித்துப் பார்த்தேன். வேண்டாததுதான். எடுத்துவிட்டேன்.