சோர்ந்தவரையே அலையவிடுவதா?

மனச்சோர்வால் வேலைக்குப் போக முடியாமல் போனவருக்கு அரசின் உதவியைக் கேட்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு நம் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தபோதும் மனநோய் அதில் தொடர்ந்தது. சிந்தனையையும் மனநிலையையும் பெரிதும் பாதித்து, அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனைக் குலைக்கும் கோளாறு என்றே சட்டம் அதை விளக்குகிறது. கடுமையான மனச்சோர்வு இந்த விளக்கத்துக்குள் அடங்கும்.

உரிமை இருக்கிறது. அதை அடையும் வழிதான் அந்த நோய் உள்ளவர்களால் நடக்கவே முடியாத வழியாக இருக்கிறது. படுக்கையை விட்டு எழுவதும் நான்கு வார்த்தை பேசுவதும் ஒரு படிவத்தைக் கடைசிவரை படிப்பதும் மலையாகத் தெரியும் நோய் இது. அப்படிப்பட்டவரிடம் விண்ணப்பி, வரிசையில் நில், நிரூபி, அடுத்த வாரம் வா என்று சொல்வது, கால் ஒடிந்தவரை மாடியேறி வந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது. நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையிலிருந்து இறக்கி, சிகிச்சை தரும் மருத்துவமனையின் மீதும் அரசின் மீதும் வைக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அவர் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. நோயால் விடுப்பு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். நீண்டகால நோய்கள் என்று ஈஎஸ்ஐ வகுத்துள்ள 34 நோய்களில் ஒன்று வந்தால் 80 சதவீதம் சம்பளம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும் என்பதும், காசநோயும் புற்றுநோயும் உள்ள அந்தப் பட்டியலில் மனச்சோர்வின் கடுமையான வகை ஒன்றும் இருக்கிறது என்பதும் எத்தனை தொழிலாளர்களுக்குத் தெரியும்? ஈஎஸ்ஐ மருந்தகச் சுவரில் அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? பட்டியலில் மனச்சோர்வைக் குறிக்கும் பெயரும் பழைய மருத்துவ வகைப்பாட்டைச் சேர்ந்தது. இன்றைய மனநல மருத்துவர் எழுதும் நோய்ப் பெயரோடு அது பொருந்தவில்லை என்று ஒரு எழுத்தர் கோப்பைத் திருப்பி அனுப்ப இடம் இருக்கிறது.

இந்த நீட்டிப்பு உதவியைப் பெற ஈஎஸ்ஐ வரம்புக்குள் இரண்டு ஆண்டு தொடர் வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். மனச்சோர்வு ஒரே நாளில் வந்து விழுவதில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, பிறகு இரண்டு நாள், பிறகு சூப்பர்வைசரின் ஏச்சு, கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. நோய் முற்றி மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் வேலையும் போயிருக்கும், சந்தா நாளும் குறைந்திருக்கும். நோயின் போக்கே பயனாளியைத் தகுதிக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

ஈஎஸ்ஐ வரம்புக்குள் வராத கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் மிச்சமிருப்பது பெரும்பாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழே. அதற்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, நோய் நீடித்த காலத்தையும் சேர்த்து அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுகிறார்கள். அளவுகோலில் பெரிய குறை இல்லை. குடும்பத்தாரிடம் கேட்கவும் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கவும் அதிலேயே இடம் உண்டு. ஆனால் நெரிசலான சான்றிதழ் முகாமில் நடப்பது வேறு. மருத்துவக் குழுவின் முன் உட்கார வேண்டிய நாளில் நோயுற்ற பெண்ணை அக்காவோ அம்மாவோ குளிப்பாட்டி, தலை சீவி, நல்ல சேலை உடுத்திக் கூட்டி வந்திருப்பார்கள். பெயரைக் கேட்டால் சொல்வார். “நல்லாத்தானேம்மா பேசுறே” என்ற ஒரு வரியில் மதிப்பெண் குறைந்துவிடும். அதற்கு மூன்று வாரம் முன்புவரை அவர் பாயை விட்டு எழவில்லை என்பதும், பிள்ளைக்குச் சோறு போட்டது பக்கத்து வீடு என்பதும் அந்தத் தாளில் ஏறாது. வந்து போகும் நோயை ஒரு நாளின் முகத்தை வைத்து அளந்தால் கணக்கு தப்பத்தான் செய்யும்.

இத்தனையும் தாண்டி வருபவருக்குக் கிடைப்பது என்ன? மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதற்கும் 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதும் கட்டாயம். மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாக உயர்த்திய தமிழ்நாடு அரசைப் பாராட்டலாம். ஆனால் மாத்திரைக்கும் பேருந்துக்கும் போக அதில் என்ன மிஞ்சும்?

‘யார் வேண்டுமானாலும் மனச்சோர்வு என்று சொல்லிவிடலாமே, ஸ்கேனில் தெரியவா போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் குடிமைப் பணித் தேர்வில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு இந்தச் சந்தேகம் வலுத்திருக்கிறது. மோசடியைத் தடுக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரிய பதவிக்காகச் சான்றிதழ் தேடுபவருக்கு அலையத் தெம்பும் ஆள்பலமும் இருக்கும். கெடுபிடியைக் கூட்டினால் அவர் இன்னொரு வழி கண்டுபிடிப்பார். திரும்பிப் போவது உண்மையான நோயாளிதான். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி இருபது பேரில் ஒருவருக்கு வாழ்வில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது; மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு உரிய சிகிச்சை இல்லை. ‘பைத்தியம்’ என்ற பட்டத்துக்கு அஞ்சி மருத்துவரிடமே வராத சமூகம், 1,500 ரூபாய்க்காக அந்தப் பட்டத்தை அரசு முத்திரையோடு வாங்க முண்டியடிக்கும் என்று நினைப்பது உண்மைக்குப் புறம்பு. பணம் கொடுத்தால் சோம்பல் வளரும் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. வாடகைக் கவலையும் கடன்காரர் பேச்சும் நோயை ஆழமாக்கும். ஓய்வும் வருமானமும் சேர்ந்து கிடைத்தால்தான் சிகிச்சை பலிக்கும், வேலைக்குத் திரும்பவும் முடியும்.

நீதிமன்றம் இதை உணர்ந்திருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் கட்டாய எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் கொண்ட ஓர் அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் ரத்து செய்தது. நோயின் விளைவைக் குற்றமாக்கித் தண்டிக்கப் புறப்படுவது மறைமுகப் பாகுபாடு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் சொல்கிறது. அரசு ஊழியருக்கு உள்ள இந்தக் காப்பு தனியார் ஆலைத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. அரசு மனநல மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் கடும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்தால், சான்றிதழுக்கான விண்ணப்பத்தை மருத்துவமனையே தொடங்க வேண்டும். நோயாளி இ-சேவை மையத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் நடக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதும் குறிப்பு, மதிப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டும். மதிப்பீடு முந்தைய பல மாதங்களைப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டும் இடத்திலெல்லாம் ‘மனநோய்’ என்று தெரியாதபடி நோய்வகை மறைக்கப்பட வேண்டும்; சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தந்திருக்கிறது.

ஈஎஸ்ஐ கழகம் தன் நோய்ப் பட்டியலை இன்றைய மருத்துவ வகைப்பாட்டுக்கு மாற்றி எழுத வேண்டும். நோயால் விடுபட்ட நாள்களைச் சந்தா கணக்கில் தளர்த்த வேண்டும். நீட்டிப்பு உதவி பற்றிய அறிவிப்பைத் தமிழில் எழுதி எல்லா மருந்தகங்களிலும் வைப்பதை அவற்றை நடத்தும் மாநில அரசு நாளையே செய்யலாம். மத்திய அரசு 80 சதவீத வரம்பை 40 ஆக்கி, 300 ரூபாயை மனிதர் வாழத் தகுந்த தொகையாக உயர்த்த வேண்டும்.

இப்போதே தவிப்பவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம். சிகிச்சைச் சீட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்தும் வேலையைக் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டால் பின்னால் கைகொடுக்கும். ஆனால் குடும்பம் உள்ளவருக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று சொல்ல முடியாது. கேட்கத் தெம்பில்லாதவரிடம் அரசே தேடிப் போக வேண்டும். அதற்கான ஆணைகளை மாநில அரசும் ஈஎஸ்ஐ கழகமும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.