கப்பலின் பின்னால் ஒரு பட்டுத்துணி

வட கடலில் ஹெர்ரிங் மீன் எங்கே திரளும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மீனவருக்குக் கரியும் மிச்சம், பொழுதும் மிச்சம். 1921இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்தில் சேர்ந்த அலிஸ்டர் ஹார்டிக்கு முதலில் இருந்த கவலை இவ்வளவுதான். மீனின் குடலைக் கீறிப் பார்த்து, அது எந்த வயதில் எந்த மிதவை உயிரியைத் தின்கிறது என்று வகுத்தார். இரை அடர்ந்த இடத்தில் மீன் இருக்கும். ஆனால் கப்பலை நிறுத்தி வலையை இறக்கினால் அந்த ஓரிடத்துக் கடல்தான் தெரியும். அடுத்து நிறுத்தும் இடம்வரை நடுவில் என்ன இருக்கிறது?

திமிங்கல வேட்டையால் தென் கடல் வெறுமையாகிவருகிறதா என்று ஆராய 1925இல் 'டிஸ்கவரி' கப்பல் புறப்பட்டது. தலைமை, கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஸ்டான்லி கெம்ப். ஹார்டி அதில் விலங்கியலாளர். தம் கேள்விக்கு விடையாக ஒரு கருவியை வடிவமைத்து அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக இழுத்துப் பார்த்தார்.

கருவி எளிமையானது. முன்வாயில் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுச் சதுரத் துளை. உள்ளே புகும் நீரை ஒரு பட்டுத்துணி வடிகட்டும். கருவி நகர நகர நீரின் விசையில் சுழலும் விசிறி அந்தத் துணியை மெல்ல நகர்த்தும். இன்னொரு பட்டு மேலே படிந்து, சிக்கிய உயிர்களை நடுவில் வைத்து மூட, இரண்டும் சேர்ந்து ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். பிறகு சுருளைப் பிரித்தால், துணியின் எந்தப் பகுதி எந்தக் கடல்மைலைச் சேர்ந்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால், ஹார்டியின் மேதைமை இந்த இயந்திரத்தைவிட அதை யாரிடம் கொடுத்தார் என்பதில்தான் இருக்கிறது. ஆய்வுக் கப்பலுக்குச் செலவு கட்டுபடியாகாது. சரக்குக் கப்பல்களோ எப்படியும் போய்வந்துகொண்டிருக்கின்றன. ஹல் நகரில் பேராசிரியரானபின், 1931 செப்டம்பரில், ஹல்லிலிருந்து பிரேமனுக்குப் போன ஒரு வணிகக் கப்பலின் பின்னால் கருவியைக் கட்டிவிட்டார். விலங்கியல் படிக்காத மாலுமிகள் அதை இறக்கினார்கள், ஏற்றினார்கள். போர்க்கால இடைவெளி நீங்கலாக, அந்த வேலை இன்றுவரை நடக்கிறது.

பிற்பாடு அவர் ஆக்ஸ்ஃபோர்டு போனார். மனிதனின் மூதாதையர் ஒரு காலத்தில் நீரோரம் வாழ்ந்திருக்கலாம் என்று 1960இல் எழுதினார். மானிடவியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஓய்வுக்குப் பின் ஆன்மிக அனுபவங்களைத் தொகுக்க ஒரு மையமே தொடங்கினார். 1985இல் காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளில், அவர் தொடங்கிய மிதவை உயிரிக் கணக்கெடுப்பையும் முடித்துவிடலாம் என்று நிதி தரும் அமைப்பு நினைத்தது. ஆண்டுதோறும் அதே உயிரிகளை அதே துணியில் எண்ணுவதில் புதுமை என்ன இருக்கிறது என்ற எண்ணம், கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் பல நாடுகளின் ஆதரவோடு 1990இல் ஹார்டியின் பெயரில் ஓர் அறக்கட்டளை பிளிமத்தில் உருவானது. கணக்கெடுப்பு தப்பியது.

தப்பியதன் மதிப்பு 2002இல் தெரிந்தது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்ப நீரை விரும்பும் துடுப்புக்காலிகள் என்னும் மிதவை உயிரிகள் நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 10 பாகை வடக்கே நகர்ந்திருந்தன. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வட கடலில் காட் மீன் குஞ்சுகளுக்கு உகந்த குளிர்நீர் இனம் குறைந்து, அதன் வெப்பநீர் உறவினம் பெருகியிருந்தது. இடையில் பத்தாண்டு விட்டிருந்தால் இது வெறும் ஐயமாகவே நின்றிருக்கும். நைலான் வந்தபிறகும் அதே கண்ணளவுள்ள பட்டையே விடாமல் வைத்திருப்பது பழமைப்பற்றினால் அல்ல. வலை மாறினால், மாறியது கடலா வலையா என்று தெரியாமல் போகும்.

2004இல் கடல் உயிரியலாளர் ரிச்சர்ட் தாம்ப்சனின் குழு, சேமிப்பறையிலிருந்த 1960கள் முதலான பட்டுகளையே மறுபடி பிரித்தது. தேடியது உயிரிகளை அல்ல, நுண் பிளாஸ்டிக் இழைகளை. காலம் செல்லச் செல்ல அவை கூடியிருந்தன. கருவி சிக்கித் திரும்பிய சங்கதிகளும் பதிவேட்டில் இருந்தன: 1957இல் வலைக்கயிறு, 1965இல் அயர்லாந்துக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் பை. அன்றைக்கு அவை வெறும் பழுதுக் குறிப்புகள். 2019இல் அவற்றைத் தொகுத்தே வட அட்லாண்டிக்கில் பிளாஸ்டிக் பெருகிய வரலாற்றை எழுதினார்கள்.