தேதி போட்ட பிறகு வரும் அழைப்பு

நம் தொழிலில் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வந்து சேருகிறது. இடம் பேசியாகிவிட்டது, சிறப்பு விருந்தினர் சரி சொல்லிவிட்டார், சாமியானாவுக்கு அட்வான்ஸும் போய்விட்டது. கடைசியில் யாருக்கோ நினைவு வந்து, "விளம்பரத்துக்கு அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கப்பா" என்கிறார்கள். தம்பி போய் நிற்கிறார். ஒரு தேதியைக் கையில் கொடுக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டம் சேராவிட்டால் பழி அவர் தலையில்.

இந்த வரிசை மாறாதவரை, தனியாளாக விளம்பரத் தொழில் செய்பவருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவர் என்பதற்கு மேல் மதிப்பு வராது. தேதி குறிப்பதில் நமக்கு இடம் வேண்டும். அதற்குத் தனிக் கூலியும் வேண்டும். மதுரையிலோ கோவையிலோ தேதி கொஞ்சம் பிசகினாலும் வழிப்போக்கர்களாவது எட்டிப் பார்ப்பார்கள். கடற்கரை ஊரில் அந்தச் சலுகை கிடையாது.

வாலிநோக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ஏர்வாடியும் கீழக்கரையும், மறுபக்கம் சாயல்குடி. ஒரு காலத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் தளமும் இங்கே நடந்தது. இன்று ஊருக்குச் சோறு போடுவது நாட்டுப்படகும் உப்பளமும். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் இங்கேதான் இருக்கின்றன. 2022இல் அரசு 'நெய்தல்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த உப்பும் அந்த நிறுவனத்துடையதே.

இங்கே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்து ஒரு விற்பனைக் கண்காட்சி வைக்க நினைப்பதாக வைத்துக்கொள்வோம். கருவாடு, உப்பு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. வெளியூர் ஏற்பாட்டாளர் மே மாதத்தைச் சொல்வார். அவர் கணக்கு இது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீனவர்கள் கரையில் சும்மா இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு.

அங்கேதான் தவறு. அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகு கடலுக்குப் போகலாம். விசைப்படகு வரத்து நின்று மீனுக்கு விலை ஏறும் நாட்கள் அவை. நாட்டுப்படகுக்காரர் வருடத்தில் நாலு காசு கூடுதலாகப் பார்ப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்க யாராலும் முடியாது. உப்பளத்திலும் அதே கதை. கோடை வெயில்தான் உப்பு விளையும் பருவம். பொழுது விடியுமுன்னே அளத்துக்குப் போய் வெயில் ஏறும்வரை வாருகிறவர்கள், மாலையில் ஒரு மணி நேரம் வருவார்கள். காலை 10 மணிக்குத் தொடக்க விழா வைத்தால் வரமாட்டார்கள். சிறப்பு விருந்தினருக்கோ காலை 10 மணிதான் வசதி. யார் வசதிக்கு விழா என்ற கேள்வியைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

சரி, அளம் ஓய்ந்த பிறகு வைக்கலாமே? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அளத்தில் வேலை இல்லை. ஆள் ஓய்வாக இருப்பார், கையில் காசு இருக்காது. கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள், வாங்கமாட்டார்கள். மழைக்காலத்தில் கபடியோ பட்டிமன்றமோ எடுபடும்; விற்பனை எடுபடாது. கூட்டம் வேறு, வியாபாரம் வேறு என்பதை ஏற்பாட்டாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு மேல் நகரும் தேதிகள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு துல்கஅதா மாதத்தில் வருவது. அதற்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் 2024இல் ஜூன் தொடக்கத்தில் வந்த சந்தனக்கூடு 2025இல் மே மாதத்துக்கு வந்துவிட்டது. ஏர்வாடிக்கு ஊர் ஊராக ஆள் திரளும் அந்த வாரத்தில் பக்கத்து ஊரில் போட்டி விழா நடத்துவது மடத்தனம். ஆனால் அந்தக் கூட்டம் வந்து போகும் சாலையில் ஒரு கருவாட்டுக் கடை போட்டால் அது சாமர்த்தியம். ரமலானும் இப்படியே நகர்கிறது. பகலில் நிகழ்ச்சி வைக்க முடியாத மாதம். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகோ கடைத்தெரு விழித்திருக்கும் மாதம். அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்ப மாறும் தொழில் முறை, மாரியூர்ச் சிவன் கோயில் விசேஷம், பள்ளித் தேர்வு, தேர்தல் நடத்தை விதி அமலாகும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் நிலையான 'நல்ல மாதம்' என்று ஒன்றே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஊரும் இது மாறும். ராமேசுவரம் பக்கம் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் சில நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று முறை இருக்கிறது. அங்கே கிழமை பார்க்காமல் ஒரு கூட்டம் வைக்க முடியாது. அச்சகத்துக்கும் பேனர் கடைக்கும் தெரியாத இந்தக் கணக்குதான் நம் சரக்கு.

தேதி சரியாக அமைந்துவிட்டால் செய்தியைக் கொண்டுபோவது பாதி வேலைதான். அதிலும் சில பழக்கங்களைக் கைவிட வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார். ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை ஒழிய வேண்டியதுதான். ஆனால் மைக் கட்டிய ஆட்டோவுக்குக் காவல் துறை அனுமதி வேண்டும்; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விடியுமுன் அளத்துக்குப் போகிறவரைக் காலை 6 மணிக்கு மேல் வரும் ஆட்டோ எப்படிப் பிடிக்கும்? மாலையில்தான் பிடிக்கும். கரையில் மீன் ஏலம் விடும் நேரம் இன்னும் நல்லது. பிடித்தவர், வாங்குபவர், ஐஸ் வண்டிக்காரர் எல்லாரும் ஓரிடத்தில் நிற்பார்கள். ஏலம் முடிந்து காசு எண்ணும்போது சொல்லுங்கள். ஏலத்தின் நடுவே வாயைத் திறந்தால் திட்டுதான் கிடைக்கும்.

பள்ளிவாசல் மைக்கும் கோயில் மைக்கும் விலைக்குக் கிடைப்பவை அல்ல. ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும் இது ஊருக்குப் பொதுவான காரியம் என்று நம்பினால் சொல்வார்கள். தனி வியாபாரத்தைப் பொதுக் காரியம்போல் பூசி ஒருமுறை சொல்ல வைத்தால், அடுத்த முறை உண்மையான மருத்துவ முகாமுக்கும் அந்தக் கதவு திறக்காது.

வளைகுடா நாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்களை மறந்துவிடாதீர்கள். இந்தக் கரையில் பல நிகழ்ச்சிகளுக்குப் பணம் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டாரைக் கிளப்பி அனுப்புவதும் அங்கிருந்து வரும் வாட்ஸ்அப் குரல் செய்திதான். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. சவூதியில் இன்னும் வெள்ளி, சனி. இது தெரியாமல் ஒரே நேரத்தில் அனுப்பும் செய்தி பாதிப் பேருக்கு வேலை நேரத்தில் போய் விழும்.

வானொலி பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய 'கடல் ஓசை 90.4' மீனவருக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. அதன் பெயர் இந்தக் கரை முழுக்கத் தெரியும். ஆனால் சமுதாய வானொலியின் அலை எட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அளவில்தான். வாலிநோக்கத்து நிகழ்ச்சிக்கு அதில் அறிவிப்புக் கொடுத்தால் பாம்பன்காரர்கள் மகிழ்ச்சியாகக் கேட்பார்கள்.

பேனர் விஷயத்தில் நம்மவர்களுக்கு இன்னும் புத்தி வரவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் அனுமதியின்றிக் கட்டிய பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போன பிறகும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. கடற்காற்றில் கிழியும் பேனர் போய்ச் சேருமிடமும் நமக்குத் தெரியும்: எதிரே 21 தீவுகளோடு கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா இருக்கிறது. துணியில் எழுதுங்கள். செலவு கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நோட்டீஸ் இன்னொரு கொடுமை. முன்னிலை, தலைமை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று முக்கால் பக்கம் பெயர்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் ஊர் இரண்டுபடும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பது விட்டுப்போனால் கேட்க நாதியில்லை. சாயல்குடியிலிருந்து வருகிற அம்மாவுக்குத் தேவை அந்தப் பஸ் நேரம்தான். பெயர்களைப் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள், சண்டை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கூலிக்கு வருவோம். தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அறியப்படும் பிலிம் நியூஸ் ஆனந்தன், 1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு அந்த வேலையைச் செய்தார். படத்தின் செய்தியைப் பத்திரிகைக்குக் கொண்டுசேர்ப்பது தனி வேலை, அதைச் செய்பவருக்குத் தனிப் பெயர் என்பது அங்கே அன்றைக்கே நிலைத்தது. உள்ளூர் நிகழ்ச்சிகளில் நாம் இன்னும் நோட்டீஸ் ஆயிரத்துக்கு இவ்வளவு, ஆட்டோ நாளுக்கு இவ்வளவு என்றே பில் போடுகிறோம். ஆலோசனை அந்த பில்லில் இலவச இணைப்பு. இலவசமாகக் கிடைப்பதை யாரும் முன்கூட்டியே கேட்க வரமாட்டார்கள்.

வாசகர்கள் இனி எழுதும் பில்லில் முதல் வரியாக 'நாள், நேரம், இடம் குறித்த ஆலோசனை' என்று எழுதி அதற்கொரு தொகை போடட்டும். தேதி முடிவான பிறகு வரும் வேலைக்கு அந்த வரியை அடித்துவிட்டு, 'தேதி ஏற்பாட்டாளர் முடிவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சில வேலைகள் கைவிட்டுப் போகும். போனவை எந்த மாதிரி வேலைகள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் விவாதிக்கலாம்.