ஒலியளவைச் சமன்செய்யாத ஒப்பீடு

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு வீட்டு ஹோலில் மூன்று அம்ப்ளிஃபையர்களை ஒரே மாலையில் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். 300பி வால்வு போட்டது தாய்மடி, டிரான்சிஸ்டர் போட்டது கச்சேரி மேடை, டி வகுப்புச் சின்னப் பெட்டி உயிரற்றது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். மூன்றின் ஒலியளவையும் எப்படிச் சமன்செய்தார் என்று தேடினேன். "காதுக்கு இதமாக வைத்தோம்" என்பதோடு முடித்துவிட்டார். கட்டுரை அந்த வரியிலேயே விழுந்துவிட்டது.

ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்துப் பாருங்கள். சத்தம் கூடியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். குரல் முன்னுக்கு வருகிறது, மிருதங்கத்தின் தொப்பி கனக்கிறது என்பார்கள். அதனால்தான் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஸ்பீக்கர் முனையில் மீற்றரை வைத்து, 0.1 டெசிபெலுக்குள், அதாவது வோல்டேஜில் ஏறத்தாழ 1 வீதத்துக்குள், கொண்டுவந்த பிறகே கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். நண்பர் அதைக்கூடச் செய்யவில்லை.

ஒன்றைக் கழற்றி அடுத்ததைப் பூட்ட, தேத்தண்ணி குடிக்கும் நேரம் போனதாம். ஒலியின் நுண்ணிய சாயல் நினைவில் நிற்பது சில விநாடிகள்தான். எது பாடுகிறது என்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. செம்மஞ்சளாக ஒளிரும் வால்வைப் பார்த்தபடி கேட்டவருக்கு ஒலி வெதுவெதுப்பாக இருந்ததில் என்ன அதிசயம்? இன்னொன்று: நம்முடைய உப்புக்காற்றில் ஸ்பீக்கர் முனைகள் பச்சை பிடிக்கும். வயரைக் கழற்றிப் பூட்டும்போதே அது சுரண்டப்பட்டு இணைப்பு மாறிவிடும். கடலோரத்தில் வாழ்கிற ஒருவர் இதையும் எண்ணவில்லை.

மறைத்து வைத்துக் கேட்ட சோதனைகள் நடக்காமலா இருந்தன? 1978இல் பிரித்தானிய அம்ப்ளிஃபையர் நிறுவனமான குவாட்டுக்காக ஒலிப் பொறியியலாளர் ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனையில், அந்நிறுவனத்தின் பழைய வால்வு அம்ப்ளிஃபையரையும் அதன் பின் வந்த இரண்டு டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபையர்களையும் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவியூ' இதழ் 220 டொலர் பெட்டியிலிருந்து 12,000 டொலர் வால்வு ஜோடி வரை மறைத்துக் கேட்கவைத்தது. பூவா தலையா போட்டால் கிடைக்கும் விடையே கிடைத்தது.

"மீற்றருக்கு ஆன்மா தெரியாது" என்பது நண்பரின் கடைசி அரண். 1985இல் அமெரிக்க அம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் அதைத்தான் உடைத்தார். 'ஸ்டீரியோஃபைல்' இதழ்க்காரர்கள் மெச்சிய, மிக விலையுயர்ந்த ஒரு வால்வு அம்ப்ளிஃபையரை எடுத்தார். அதன் வெளியீட்டையும் தன் மலிவான டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபையரின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய இல்லாமல் போகும்வரை, தன்னுடையதை இரண்டு நாட்களில் திருத்தினார். அந்த இதழ்க்காரர்களாலேயே பிறகு வேறுபாடு காண முடியவில்லை. மீற்றருக்குத் தெரியாத ஆன்மாவை மீற்றரை வைத்து எப்படிப் பிரதி எடுத்தார் என்று நண்பர் விளக்கட்டும்.

300பி வேறாக ஒலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. எதிர்ப்பின்னூட்டம் இல்லாத அந்த வகை அம்ப்ளிஃபையரின் வெளியீட்டுத் தடை 2 ஓம் அளவில் இருக்கும். ஸ்பீக்கரின் தடையோ சுரத்துக்குச் சுரம் 4 ஓமிலிருந்து 20 ஓம் வரை ஏறி இறங்கும். கணக்குப் போட்டால், சில இடங்களில் ஒலி 2.7 டெசிபெல் வரை மேடு தட்டும். தாய்மடி என்று அவர் உருகியது இந்த மேட்டைத்தான். வேறு ஸ்பீக்கரைப் பூட்டினால் மேடு வேறிடத்துக்குப் போய்விடும். போதாததற்கு அதன் சக்தி 8 வாட் அளவுதான். தவில் உச்சத்துக்குப் போகும்போது அலையின் தலை வெட்டுப்படும்.

ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1980களில் நம் திருகோணமலையில் அமைத்த அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்: அங்கே வால்வு வைத்தது குரலின் இனிமைக்காகவாம். இது பச்சைப் பிழை. நூற்றுக்கணக்கான கிலோவாட் சக்தியைச் சிற்றலையில் தாங்குவதற்காக வைத்தது அது. அந்த ஒலிபரப்பில் 5,000 ஹேர்ட்ஸை அண்டியே மேல்சுரங்கள் வெட்டப்படும். இனிமைக்கு அதைச் சாட்சி சொல்வதா?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நண்பரின் கட்டுரையை வாசித்த ஒரு பெடியன், வெளிநாட்டிலிருக்கும் தமையன் அனுப்பிய காசில் பல இலட்சத்துக்கு வால்வு அம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தான். அவனுடைய அறையில் வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும். கை தட்டினால் எதிரொலிக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்தி, தடித்த விரிப்பொன்றும் திரையும் போட்டால் அவன் கேட்கப்போகும் மாற்றத்தை எந்த அம்ப்ளிஃபையரும் தராது. காசை நல்ல ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவன் நண்பரைத்தான் நம்புகிறான்.

ஆகவே கேட்கிறேன். நண்பரின் ஸ்பீக்கர், நண்பரின் ஹோல், அவர் விரும்பும் நாதஸ்வர இசைத்தட்டு. கச்சேரி மேடை என்றதையும் உயிரற்றது என்றதையும் திரைக்குப் பின்னால் வைப்போம். மீற்றரும் மாற்றுச் சுவிட்சும் நான் கொண்டுவருகிறேன். 16 தரம் மாற்றுவேன்; 12 தரம் சரியாகச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் அது நடக்க 100இல் 4க்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. சொல்லிவிட்டால் இதே பக்கத்தில் என் பிழையை ஒப்புக்கொள்வேன். அந்த மாலை வரைக்குமாவது, பெடியனைக் கடைக்கு அனுப்பாமல் இருக்கட்டும்.