பிணைப்பணம் இன்மையும் குற்றமா?

குற்றம் செய்தவன் ஒறுக்கப்படல் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், குற்றம் செய்தானா இல்லையா என்றே உசாவி முடியாத ஒருவனை ஆண்டுக்கணக்கில் பூட்டிவைத்து, அவன் இளமையையும் உழைப்பையும் குடும்பத்தையும் அழிப்பதற்கு என்ன பெயர்? அது செங்கோன்மையா, கொடுங்கோன்மையா?

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் தீர்ப்பே பெறாதவர். அஃதாவது நால்வரில் மூவர். நூறு பேர்க்கு அமைந்த இடத்தில் 131 பேர். இவை நாம் புனைந்த கணக்கல்ல. நடுவணரசின் குற்றப்பதிவு அலுவலகமே வெளியிட்டவை. இந்நெருக்கடிக்கு மருந்தாக மேலும் சிறை கட்டுவோம் என்பார் உளர். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

பிணை வழங்கப்பெற்றும், பணம் கட்ட வழியின்றியும் ஈடு காட்ட ஆளின்றியும் உள்ளேயே கிடக்கும் ஏழையரை எண்ணிப் பாருங்கள். செல்வன் மாலைக்குள் வீடு திரும்புகின்றான். கூலியாள் திங்கட்கணக்கில் கம்பி எண்ணுகின்றான். இருவர்க்கும் சட்டம் ஒன்றே, பணப்பைகள்தாம் வேறு.

1978-இல் மத்தியப்பிரதேசக் கொத்தனார் ஒருவர்க்கு உச்ச நயன்மன்றம் பிணை வழங்கியது. கீழ்மன்ற நடுவரோ பத்தாயிரம் உருபாவுக்கு ஈடு கேட்டார். உடன்பிறந்தான் ஈடு நிற்க வந்தான். அவன் உடைமை வேறு மாவட்டத்தில் உள்ளதென்று தள்ளினார். அவ் வழக்கில் நடுவர் கிருட்டிண ஐயர் எழுப்பிய வினா நம் நெஞ்சில் தைக்க வேண்டியது. தமிழனோ மலையாளியோ தொலைவிலுள்ள பசுதரிலோ தில்லிச் சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால், அங்கே நிலமுள்ள பிணையாளுக்கு அவன் எங்கே போவான்? ஆயிரம் உருபாவுக்கு அவர்தம் சொந்தப் பிணையிலேயே கொத்தனாரை விடுவிக்கப் பணித்தது மன்றம்.

மறு ஆண்டே, 1979-இல், வழக்குரைஞர் கபிலா இங்கோரானி பீகார்ச் சிறையாளர்க்காக வழக்காடினார். குற்றம் மெய்ப்பட்டிருப்பினும் பெறக்கூடிய மிகுதியான ஒறுப்புக் காலத்தையும் கடந்து, தீர்ப்பின்றியே உள்ளே கிடந்தோரும் அங்கே இருந்தனர்! விரைந்த உசாவல் அடிப்படை உரிமை என்று நடுவர் பகவதி தலைமையிலான ஆயம் அறுதியிட்டது.

அதன்பின் சட்டங்கள் வாராமல் இல்லை. பெரும ஒறுப்பில் பாதிக் காலம் கழித்தவனைப் பிணையில் விடுக என்றது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். முதன்முறை சாட்டப்பட்டவனாயின் மூன்றிலொரு பங்கே போதும் என்கிறது 2024 சூலையில் நடப்புக்கு வந்த சட்டம். சாவொறுப்பு, வாழ்நாட்சிறைக்குரிய குற்றங்கள் இப்புதிய விதியுள் அடங்கா. சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சிறைக்கு மாற்றாகக் குமுகாயப் பணியும் இப்போது சட்டத்தில் உண்டு. நன்னடத்தை உறுதியின் மேல் விடுவிக்கும் சட்டமோ 1958 முதலே இருக்கின்றது. 2023-இல், ஏழைச் சிறையாளர்தம் பிணைப்பணத்துக்கு உதவும் திட்டத்தையும் நடுவணரசு அறிவித்தது. ஆனால், நாவில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டிய சட்டத்தில் தனக்கென்ன உரிமை உள்ளதென்பதை அடைபட்ட உழவனுக்கு அவன் மொழியில் சொல்வார் யார்? ஏட்டில் உள்ள உரிமை சிறைக்கதவைத் திறக்காது. எடுத்துச் சொல்லி வழக்காட ஆள் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மதிலுக்குக் கொட்டும் பணத்தைச் சட்டவுதவி வழக்கறிஞர்க்கும், காலியாகக் கிடக்கும் நடுவர் இருக்கைகளை நிரப்புவதற்கும், நன்னடத்தை அலுவலர்க்கும், குடிமீட்பு உளநல மருத்துவத்துக்கும் திருப்புக. காலம் கடந்தோர் பட்டியலைத் திங்கள்தோறும் ஒவ்வொரு சிறையும் வெளியிடுக. வழக்கும் தீர்ப்பும் மக்கள் மொழியில் நடக்கட்டும்.

வழக்கறிஞராகவுள்ள அன்பர்கள் திங்களுக்கு ஒருநாள் தம் ஊர்ச் சிறைவாயிலுக்குச் செல்க. அங்கே கிடப்பவன் குற்றவாளியோ அல்லனோ, தீர்ப்புப் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. ஏழ்மைக்கு ஒறுப்பு வழங்கும் நாட்டில் நயன்மை உண்டென்று நாம் ஒப்புவதற்கில்லை!