முடிவுக்கும் விலையா?

கதை சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. தொடங்கியவன் முடித்துவைப்பான் என்பதே அது. இவ்வொப்பந்தத்தை வீடியோ விளையாட்டுக் கொம்பனிகள் சிறிது சிறிதாகக் கிழித்து வருகின்றன. கிழித்த துண்டுக்கும் விலை கேட்கின்றன.

இலக்கியப் பத்திரிகையிலே விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருப்பர். நாவலைக் கண்டும் பண்டிதர்கள் ஒருகாலத்தில் இவ்வாறே முகஞ்சுளித்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டி அப்பாற் செல்வோம். நாம் வகுப்பறையில் நிற்பவர்கள். எம் மாணவர் எந்தக் கதைகளுக்குள் வாழ்கிறார்கள் என்பதை அறியாது அவர்களுக்குக் காப்பியம் கற்பிக்க எம்மால் இயலாது.

2012 பெப்ரவரியில் யப்பானின் கப்கொம் கொம்பனி 'அசுராஸ் ராத்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. இந்து, பௌத்த புராணங்களிலிருந்து பெயர்களையும் படிமங்களையும் வாரி எடுத்துக்கொண்ட கதை அது. மகளை மீட்கப் போராடும் அசுரன் நாயகன். விலைகொடுத்து வாங்கிய வட்டில் 18 அத்தியாயங்கள் இருந்தன. திறம்பட ஆடியவனுக்கு, அவற்றின் ஈற்றில் மெய்யான பகைவன் முகங்காட்டுகிறான். அத்துடன் திரை விழுகிறது. எஞ்சிய நான்கு அத்தியாயங்கள் பின்னர் தனி விலைக்கு வந்தன. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'நிர்வாணா'! வீடுபேற்றையும் விலைப்பட்டியலிற் சேர்த்த துணிவை என்னென்பது? புகாரும் மதுரையும் ஒரு விலை, கண்ணகி தெய்வமானதை அறிய வேண்டுமாயின் வஞ்சிக் காண்டத்துக்கு வேறு விலை என்று இளங்கோவடிகள் கூறியிருந்தால் தமிழுலகம் என்ன செய்திருக்கும்?

இது அப்பட்டமான கொள்ளை. ஆதலால் எளிதில் இனங்காணத்தக்கது. நுட்பமான கொள்ளை வேறு வகையானது. கனடாவின் பயோவேர் 2014 நவம்பரில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' என்பதை எடுத்துக்கொள்வோம். பெரும்பகை வெல்லப்படுகிறது, கதை முடிந்ததென்று நாம் மூச்சு விடுகிறோம். அதன்பின் வரும் ஒரு சிறு காட்சியில், இதுகாறும் நம்முடன் தோழனாய் நடந்த சோலஸ் என்பவன் பழங்கதைகளின் 'கொடிய ஓநாய்' என்பது புலனாகிறது. அவன் ஏன் வந்தான், எதைச் செய்யப்போகிறான் என்பனவற்றுக்கு விடை 2015 செப்டெம்பரில் வந்த 'ட்ரெஸ்பாசர்' என்னும் இணைப்பில் இருந்தது. விலை 15 டொலர்.

அவ்விணைப்பு தரமற்றதென்று நாம் சொல்லவில்லை. உண்மை அதற்கு மாறானது. நாயகன் தன் கையை இழக்கும் அவ்விறுதிச் சந்திப்பு, உற்ற நண்பனே பகைவனாய் எதிர்நிற்கும் அவலத்தை நாடகச் செறிவோடு காட்டுவது. எமது குற்றச்சாட்டு அதனாலேயே வலுப்பெறுகிறது. கதையின் உயிர்நிலையான பகுதி அல்லவா பிரித்து விற்கப்பட்டது? ஒன்பது ஆண்டுகளின் பின், 2024 ஒக்ரோபரில் வந்த அடுத்த விளையாட்டு இவ்விணைப்பின் முடிவையே அடித்தளமாகக் கொண்டது. இணைப்பு என்று பெயரிட்டுவிட்டால் இதயம் விரலாகிவிடுமோ?

பணமிருந்தும் பெறமுடியாதவர் கதை இன்னொன்று. பிளேஸ்டேசன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகிய பழைய பொறிகளுக்கும் 'இன்குவிசிஷன்' விற்கப்பட்டது. 'ட்ரெஸ்பாசர்' அவற்றுக்கு வரவேயில்லை. முடிவு வேண்டுமா, புதிய பொறியை வாங்கு என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. ஒரே கதைக்கு இரு வகைக் குடிகள்!

"உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?" என்று கேட்பார் உளர். வேண்டும், எழுதுபவனும் தீட்டுபவனும் கூலி பெறவேண்டும் என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்த டொலர்கள் எங்கே போயின? இதே பயோவேர் 2023 ஓகஸ்டில் ஏறத்தாழ 50 தொழிலாளரை வெளியேற்றியது. வாசகனிடம் கூலியின் பெயராற் கேட்டுவிட்டுக் கூலிக்காரனை வாயிலுக்கு வெளியே அனுப்புவோரின் வாதத்தை நாம் ஏன் சுமக்கவேண்டும்? மேலும், இதே நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட் 3' இன் முடிவைக் கண்டு 2012 இல் இரசிகர்கள் கொதித்தெழுந்தபோது, சில மாதங்களில் விரிவான முடிவொன்றை விலையின்றியே தந்தது. கூச்சல் கேட்டவுடன் கூடியது, கூச்சலின்றி ஏன் கூடாது?

நேர்மையான வழி இல்லாமலில்லை. போலந்தின் சிடி புரொஜெக்ட் 2015 இல் வெளியிட்ட 'விட்சர் 3', சிரி என்னும் பெண்ணைத் தேடும் கதையைத் தன்னளவில் முற்றாகச் சொல்லி முடித்தது. 2016 மே மாதத்தில் வந்த 'பிளட் அன்ட் வைன்' இணைப்புக்கு 20 டொலர் விலை. அதை வாங்காதவன் எந்தக் கேள்வியோடும் தவிக்கவிடப்படவில்லை. வாங்கியவனுக்கோ துசாண் என்னும் புதிய நாடு முழுவதும் கிடைத்தது; ஊர் ஊராய் அலைந்த கெரால்ற்றுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் வீடும் வாய்த்தன. கடைசியில் அவன் நம்மை நோக்கி முகந்திருப்பும் அந்தக் கணத்தில் விடைபெறும் பண்பு இருக்கிறது. இதனால் அந்நிறுவனத்தைத் தருமவான் என்று நாம் போற்றப்போவதில்லை. 2020 இல் 'சைபர்பங்க் 2077' ஐ முடிக்கத் தன் தொழிலாளரை வாரத்தில் ஆறு நாள் வேலை வாங்கியதும் அதுவே. எனினும் முடிவை ஈடு வைக்காமலும் இணைப்பு விற்கலாம் என்பதற்கு அதுவே சான்று.

எமது மாணவன் ஒருவன், தமையன் விட்டுச்சென்ற பழைய பிளேஸ்டேசன் 3 இல் 'இன்குவிசிஷன்' ஆடி முடித்தவன். முகத்தையும் குலத்தையும் தானே தெரிந்து, யாரை மன்னிப்பது, யாரைத் தண்டிப்பது என்று தானே தீர்மானித்து வளர்த்த நாயகி அவனுடையவள். சோலஸ் என்ன ஆனான் என்றறியப் பல நாள் தவித்து, ஈற்றில் வேறு யாரோ ஆடியதைப் பதிவுசெய்த படத்தில் அம்முடிவைப் பார்த்தானாம். இப்போது திருப்திதானே என்று கேட்டோம்.

"முடிவு தெரிஞ்சுது, சேர். ஆனா அங்க நிண்டது என்ர ஆள் இல்லை."